பச்சை சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு தாள்

தினேஷ்,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியிலேயே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன்னை இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன். இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலை மேலே வைத்து, விரித்தபடியே விட்டுவிட்டுப் போகிறேன். உன் அம்மா படிப்பாள். அடுத்த மாதம் இந்த வீட்டுக்கு வரப்போகும் ரம்யாவும் படிக்கலாம். பால்காரர் எட்டிப் பார்த்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒளித்துவைத்து வாழ்ந்தது போதும் என்று முடிவு செய்த பிறகுதான் பேனாவையே எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை நீ குளித்துக்கொண்டிருந்தாய். ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த உன் போன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அலாரத்தை அணைக்கலாம் என்று எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. இங்கிலீஷ்தான். ஆனால் முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலை டிராயிங் படித்துப் பிழைத்தவனுக்கு அந்த அளவு இங்கிலீஷ் வரும். ‘நீ அனுப்பிய பத்துப் பெயரையும் சரிபார்த்தேன். எல்லோரும் உண்மையான நோயாளிகள். முழு லிஸ்ட் திங்கட்கிழமைக்குள் வேண்டும்.’ அனுப்பியவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆந்தைப் படம் இருந்தது. போனை எடுத்த இடத்திலேயே வைத்தேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, “காபி ஆறிடுச்சாப்பா?” என்று கேட்டாய். “இன்னும் ஆறலை” என்றேன். அவ்வளவுதான். இன்று சனிக்கிழமை. நான்கு நாளாக உன்னோடு ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவனைப்போல இருந்திருக்கிறேன். எனக்கு அதில் நல்ல பழக்கம்.

அந்த ஆந்தை எங்கே குடியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நீயேதான் சொன்னாய். இரண்டு மாதம் முன்பு, தோசைக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, ஏதோ பொருட்காட்சிக்குப் போய்வந்தவனைப்போல, “அப்பா, நெட்ல ஒரு சந்தை இருக்குதுப்பா. ரகசியம் மட்டும்தான் விப்பாங்க. கம்பெனி விஷயம், டெண்டரு, யார்யாரோட லிஸ்ட்டோ, எது வேணாலும். விக்கிறவன் யாருன்னு வாங்கறவனுக்குத் தெரியாது, வாங்கறவன் யாருன்னு விக்கிறவனுக்குத் தெரியாது. நடுவுல சந்தை நடத்துறவனுக்கு ரெண்டு பேரையுமே தெரியாது” என்றாய். “அப்புறம் எதை நம்பிடா வாங்குவான்?” என்று கேட்டேன். “ஸ்டார் குடுப்பாங்கப்பா. ஒழுங்கா சரக்கு அனுப்புறவனுக்கு அஞ்சு ஸ்டாரு” என்றாய். பிரியாணிக் கடைக்குக் கொடுக்கிற மாதிரி திருட்டுக்கும் நட்சத்திரமா என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் அம்மா தோசைக்கரண்டியோடு வந்து, “வெக்கமா இல்ல, இதுக்குப் போய் சிரிக்கிறீங்களே” என்றாள். அவளுக்கு மட்டும்தான் அன்றைக்குப் புத்தி இருந்தது.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அம்பத்தூரில் நீ வேலை பார்க்கும் கம்பெனிக்கு நாலு வருடம் ஞாயிறு, தீபாவளி பார்க்காமல் உழைத்தாய். லேப்களிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆளாளுக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது உன் வேலை. யாருக்கு என்ன பரிசோதனை, என்ன முடிவு, என்ன நம்பர் என்று எல்லாம் உன் கண் முன்னால். அந்தக் கம்பெனி, நாம் கல்யாணப் பத்திரிகை அடித்து மண்டபத்துக்குச் சொன்ன பிறகு, ‘அடுத்த மாதத்தோடு கிளம்பு’ என்கிறது. நீ எங்களிடம் சொல்லவில்லை. மொட்டைமாடியில் நின்று, “மச்சான், என்னையும் தூக்கிட்டானுங்கடா” என்று நண்பனிடம் சொன்னதை வற்றல் எடுக்க வந்தபோது கேட்டேன். அன்றைக்கே உன் தோளில் கை வைத்திருக்க வேண்டும். வற்றலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரப்பட்ட பிள்ளையைத் தனியாக விட்ட அப்பனுக்கு அதைவிட மட்டு.

ஆனால் கண்ணா, அந்தச் செய்தியில் ‘சரிபார்த்தேன்’ என்று ஒரு வார்த்தை இருந்ததே, அதை நீ யோசித்தாயா? பத்துப் பெயர் உண்மையா என்று அவன் எப்படிச் சரிபார்த்திருப்பான்? பத்து வீட்டுக்குப் போன் போயிருக்கிறது. அப்படி ஒரு போன் நம் வீட்டுக்கு வந்ததை நீ மறந்திருக்க முடியாது.

இரண்டு வருடம் முன்பு உன் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று டெஸ்டுக்குக் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் சனிக்கிழமை வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேன் மாதிரி ஒரு பெண் குரல். “அம்மா, கவலைப்படாதீங்க, மார்புக் கட்டிக்கு எங்ககிட்ட மூலிகை மருந்து இருக்கு, அறுக்கவே வேணாம்” என்றதாம். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் ஊர்பேர் தெரியாத ஒருத்திக்கே தெரிந்துவிட்டது என்றால் நோய் உறுதி என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவரைக்காய் பாதி நறுக்கியபடி கிடந்தது. “தினேஷ் கல்யாணத்தைப் பாத்துட்டுப் போறேன்னு சொல்லுங்க” என்றாள், என்னவோ நான் கடவுளிடம் சிபாரிசு செய்யப்போகிறவன் மாதிரி. மறுநாள் ரிப்போர்ட்டில் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று வந்தது. ஆனால் அந்த ஒரு நாள் அவள் அனுபவித்ததை எந்த ரிப்போர்ட் திருப்பிக் கொடுக்கும்? நீ அந்த நம்பருக்குப் போன் போட்டு, “எங்கம்மா நம்பர உனுக்கு எவன்டா குடுத்தான்? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா!” என்று தெரு கேட்கக் கத்தினாய். அந்த ‘எவன்’ யாரென்று நமக்குக் கடைசிவரை தெரியவில்லை. நம்மைப்போல ஒரு வீட்டில், நல்ல அப்பா அம்மாவுக்குப் பிறந்து, வேலையில் ஏதோ கோபத்தில் இருந்த ஒரு பையனாகக்கூட இருந்திருக்கலாம் என்று இந்த நான்கு நாளாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது உனக்கு வாயில் ஒரு கேள்வி வந்திருக்கும். ‘பெரிய யோக்கியர் பேசவந்துட்டார்’ என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் யோக்கியன் இல்லை. உன் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

குவார்ட்டர்ஸில் வளர்ந்த உனக்கு ‘கேட்டோட போச்சு’ என்ற பேச்சு தெரியும். எங்கள் ராணுவத் தொழிற்சாலையில் என்ன செய்கிறோம், என்ன நடந்தது என்பதை வாசல் கேட்டிலேயே விட்டுவிட வேண்டும், வீட்டில் பேசக்கூடாது. பெண்டாட்டி கேட்டாலும் பிள்ளை கேட்டாலும் “கேட்டோட போச்சு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். திருநெல்வேலிக்காரன், தருமபுரிக்காரன், யாராக இருந்தாலும் ஆவடிக்கு வந்து முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். நீ இரண்டாம் வகுப்பில், ‘என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அவருக்கே தெரியாது’ என்று கட்டுரை எழுதினாயே, டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்ததாம். குழம்பில் உப்பு அதிகமாகி நான் கேட்டால் உன் அம்மாவும், “அது கேட்டோட போச்சு” என்பாள். நல்ல வழக்கம்தான். நாட்டு விஷயத்தைக் காப்பாற்ற ஏற்பட்ட வழக்கம். நான் அதை வைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நீ வயிற்றில் இருந்த நேரம். அண்ணனூரில் ரயில் லைனை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். உன் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பாள். குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப்போட்ட லிஸ்டில் என் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. அந்தச் சமயத்தில் பதவி உயர்வுக்கான செய்முறைத் தேர்வு வந்தது. தேர்வன்று ஒரு டிராயிங்கைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, கொடுத்த நேரத்துக்குள் இரும்பில் அந்த உருப்படியைக் கடைந்து காட்டவேண்டும். அதுவரை டிராயிங் ரகசியம். அந்த முறை டிராயிங்கைப் போட்டவன் நான். அதைப் பார்த்து மாதிரி உருப்படியைச் செய்தவன் முனுசாமி. அவனுக்கு அப்போது மேல் கிரேடு கிடைக்க இன்னும் ஒரு படிதான் பாக்கி. எங்கள் இரண்டு பேரைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது என் சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தேர்வில் என்ன உருப்படி என்று எழுதி, வெளி சைக்கிள் ஸ்டாண்டில் கடைசியில் நிற்கும் பச்சை சைக்கிளின் சீட்டுக்கு அடியில் வைத்தால், குவார்ட்டர்ஸ் லிஸ்டில் என் பெயர் மேலே வரும் என்று. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. அந்த சைக்கிள் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் சந்தை புதிதில்லை தினேஷ், அப்போது அது சைக்கிள் ஸ்டாண்டில் நடந்தது. உருப்படியின் பெயரை மட்டும் எழுதி வைத்தேன். பெயர்தானே, அளவு இல்லாமல் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு நானே சமாதானம். மறுநாள் பையில் இன்னொரு சீட்டு. ‘பார்த்தேன், சரி. முழு அளவும் வேண்டும்.’ செவ்வாய்க்கிழமை உன் போனை ஏன் ஒன்றும் கேட்காமல் எடுத்த இடத்திலேயே வைத்தேன் என்று இப்போது உனக்குப் புரியும். அன்றைக்கு நான் முழு அளவும் எழுதி வைத்தேன்.

தேர்வில் மூன்று பேர் பாதி நேரத்திலேயே முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். விசாரணை வந்தது. அந்த மூன்று பேரில் ஒருவன் முனுசாமியின் மச்சான். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க வெளியில சொன்னீங்களா?” என்றார். “இல்ல சார்” என்றேன். “அப்ப வேற யாரு?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். குனிந்தேன், அவ்வளவுதான், அது போதுமாயிருந்தது. முனுசாமிக்கு அந்தப் பதவி உயர்வும் போய், அதற்குப் பிறகு வந்தவையும் போயின. நம் ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் கேட்கவா வேண்டும், ‘பிட்டு முனுசாமி’ என்று வைத்தார்கள். ரிடையர் ஆகிற வரைக்கும் அதே கிரேடில், அதே பெயரோடு இருந்தான்.

விசாரணை முடிந்த வாரம் சைக்கிள் ஸ்டாண்டில் என் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான். “அண்ணாத்தே, நான் சொல்லலன்னு உனுக்குத் தெரியுமில்ல?” என்று கேட்டான். “தெரியும் முனுசாமி” என்றேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அது போதும் எனுக்கு. மத்தவன் இன்னா சொன்னா எனுக்கு இன்னா” என்றான். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளிலேயே கேவலமான உண்மை அதுதான்.

இரண்டு மாதத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று சேக்காட்டிலிருந்து அவன் தன் தோட்டத்து முருங்கைக்காயை ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்தான். ஏணி போட்டு மின்விசிறியை அவனே மாட்டிக் கொடுத்தான். கீழே இறங்கி நின்று, “ஊடு நல்லா கீது அண்ணாத்தே. காத்து வருது. தங்கச்சிக்கு இனிமே கஷ்டமில்ல” என்றான். அந்த மின்விசிறிக்குக் கீழேதான் உன் தொட்டில் கட்டினோம். நீ தவழ்ந்தது, நடந்தது, சுவரில் கிறுக்கியது எல்லாம் அந்த வீட்டில்தான். உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த அறையில் நடந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கும்போதெல்லாம் முனுசாமி ஏணியில் நிற்பதுபோல இருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னது இல்லை.

உன் அம்மா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், “முனுசாமி அண்ணன் வந்தா மட்டும் ஏன் ஒரு மாதிரி ஆயிடுறீங்க?” என்று. “கேட்டோட போச்சு” என்பேன். இருபத்தெட்டு வருடம் இந்தப் பதிலைச் சொல்லி ஒரு நல்ல மனுஷியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். முகப்பேரிலிருந்து வருகிற ரம்யாவோடு நீ அப்படி நடத்தாதே. அவள் வீட்டில் எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசிச் சண்டை போட்டு, அரைமணியில் சேர்ந்து டீ குடிக்கிறார்கள் என்று அன்றைக்குக் கேலி செய்தாய். அது கேலி செய்யவேண்டிய விஷயம் இல்லை, பொறாமைப்படவேண்டிய விஷயம். வேலை போன விஷயத்தை முதலில் அவளிடம் சொல். சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தால், சொல்லாமல் கட்டிக்கொள்வதில் மட்டும் என்ன லாபம்? அந்தச் சந்தையில் பெயர் இல்லை, முகம் இல்லை என்று நீ பெருமையாகச் சொன்னாய். வாங்குகிறவனுக்கு நீ யாரென்று தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே. உனக்குத் தெரியாமல் நீ எதையாவது விற்க முடியுமா?

முழு லிஸ்டை நீ இன்னும் அனுப்பவில்லை என்று நம்புகிறேன். திங்கட்கிழமை வரை அவன் கெடு கொடுத்திருக்கிறான். அனுப்பாதே. அதோடு போதாது. அனுப்பிவிட்ட பத்துப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு யாராவது போன் போட்டு, ‘உங்களுக்கு வந்த அழைப்பு டாக்டரிடமிருந்து வந்ததில்லை, பயப்படாதீர்கள்’ என்று சொல்லவேண்டும். அதை உன் கம்பெனிதான் சொல்ல முடியும். அதற்கு நீ போய் உன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த மாதம் போகிற வேலை திங்கட்கிழமையே போகும். போலீஸ் வரைக்கும் போகலாம். கல்யாணம் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். உன்னைக் காட்டிக் கொடுக்க நான் போகமாட்டேன், நீயாகப் போகவேண்டும். நான் கூட வருவேன்.

கூட வர எனக்கு யோக்கியதை வேண்டும் அல்லவா? அதனால் நாளை ஞாயிற்றுக்கிழமை நான் சேக்காட்டுக்குப் போகிறேன். முனுசாமி பெயர் எழுதிய உன் கல்யாணப் பத்திரிகை பீரோவில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போய், தெருமுனை டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நாளை பத்திரிகையைக் கொடுப்பதற்கு முன்னால் பச்சை சைக்கிள் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் அவன் கை நீட்டினால் பத்திரிகையைக் கொடுப்பேன். நீட்டாவிட்டால் அதற்கும் நான் தயார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உன் அம்மா என்னை வண்டியைத் தொட விடுவதில்லை. நீதான் ஓட்டவேண்டும். நாளை என்னை நீ சேக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. திங்கட்கிழமை காலை உன்னை நான் அம்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் நாள் எல்.கே.ஜி.க்குப் போனபோது என் விரலைப் பிடித்து இழுத்து நின்றாயே, அப்படி நின்றாலும் விடமாட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, புதன்கிழமையோடு போய்விட்டது. பாசம்தான் மிச்சம் இருக்கிறது, அது எப்போதும் இருப்பதுதான்.

அப்பா

பி.கு.: மேஜையில் வைப்பதற்குள் உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். பால் காய்ச்சிய இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கடைசிவரை படித்தாள். பேனாவை வாங்கி இந்த அடியில் எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

தினேஷ், அன்று அடுப்படியில் நான் உட்கார்ந்திருந்த மாதிரி இன்று பத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தரையிலிருந்து எழுப்பிவிட்டு அப்புறம் தாலி கட்டலாம். உன் அப்பாவோடு நான் இன்னும் பேசவில்லை, முனுசாமி அண்ணன் பேசின பிறகு பேசுவேன். வண்டியில் மூன்று பேர் போக முடியாது. நாளைக்கு சேக்காட்டுக்கும் திங்கட்கிழமை அம்பத்தூருக்கும் ஆட்டோ சொல்லிவிட்டேன். இரண்டு இடத்துக்கும் நானும் வருகிறேன்.